தாவீது அறுத்த தொங்கலும் ஐயரிடம் கணக்குக் கேட்பதும்

சேகரத்துக்காரன்: ஐயர்கிட்ட, அதாவது சபைப் போதகர்கிட்ட, கணக்குக் கேட்கக் கூடாதுன்னு சபை குரூப்புகள்ல ஒரு ஃபார்வர்ட் சுத்துது. "சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே தாவீதின் மனது அடித்துக்கொண்டது. போதகரிடம் காணிக்கைக் கணக்குக் கேட்பவன் அபிஷேகம் பெற்றவரைத் தொடுகிறான்." தன்னைக் கொல்லத் தேடின ராஜா சவுலை, கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர்னு கொல்லாம, சால்வைத் தொங்கலை மட்டும் தாவீது அறுத்த கதை அது. எழுதின புண்ணியவான் 1 சாமுவேல் 24-ல அஞ்சாம் வசனத்தோட பைபிளை மூடிட்டார் போல. 11-ல அதே தொங்கலைத் தாவீது சவுல் கண்ணு முன்னாடியே தூக்கிக் காட்டுறான்.

சாந்தகுணன்: காட்டுனது இருக்கட்டும் அண்ணே. மனசு அடிச்சுக்கிட்டுதா இல்லையா? தரைமட்டும் குனிஞ்சு வணங்கி, "என் தகப்பனே"ன்னு கூப்பிட்டு, தன்னைச் செத்த நாய், தெள்ளுப்பூச்சின்னு சொல்லிட்டுப் பேசுறான். வாட்ஸ்அப்ல "ஐயரே பதில் சொல்லும்"னு போடுறது எந்த வகைக் குனிவு?

சேகரத்துக்காரன்: குனிஞ்சான், வாயை மூடலை. கர்த்தர் நடுநின்று நியாயம் விசாரிக்கட்டும்னு 12-ல முகத்துக்கு நேரா சொல்றான். காணிக்கைப் பையை ஒருத்தர் தனியா எண்ணக் கூடாது. ரெண்டு பேர் ஆலயத்துலயே எண்ணி, நோட்டு வாரியா சீட்டு எழுதி, ரெண்டு கையெழுத்தும் போட்டு, முழுத் தொகையையும் பேங்க்ல கட்டணும். கட்டுறதுக்கு முன்னாடியே "அவசரச் செலவு"ன்னு உருவினா சீட்டும் பாஸ்புக்கும் ஒத்துப்போகாது, சந்தேகம் அங்கதான் முளைக்குது. தர்மப்பணத்துக்கு அப்போஸ்தலர் பவுலே தன் உடன் ஊழியன் தீத்துவோட வேற ஆளுங்களையும் அனுப்பினார், "ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு"ன்னு. 2 கொரிந்தியர் 8:20. பவுலை யாரு தொட்டா?

நாலாம்_பெஞ்சு: ரோமர் 13 அரசாங்கத்துக்கு, எபிரெயர் 13:17 சபையை நடத்துறவங்களுக்கு. நீங்க எந்த அதிகாரத்தைப் பேசுறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்களேன்.

சாந்தகுணன்: அதெல்லாம் அப்புறம். மனசு அடிச்சுக்கிட்டுதா இல்லையா? மூப்பன், அதாவது சபைத் தலைவர், மேல பிராதுன்னா ரெண்டு மூணு சாட்சி வேணும், 1 தீமோத்தேயு 5:19. மத்தேயு 18 படி முதல்ல தனியா, பிறகு ரெண்டொருத்தரோட, கடைசியிலதான் சபை. நீங்க கடைசிப் படியில ஏறி நின்னு கத்துறீங்க.

சேகரத்துக்காரன்: 5:19 தெரியுது, 20 தெரியலை! "எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்." உங்க பைபிள்ல எப்பவும் அடுத்த வசனம்தான் கிழிஞ்சிருக்கும். மத்தேயு 18 சகோதரன் நமக்குச் செய்த குற்றத்துக்கு. சபைக் கணக்கு என்ன ரெண்டு பேர் மனஸ்தாபமா?

நாலாம்_பெஞ்சு: நோபுங்கிற ஊர் ஆசாரியர் 85 பேரை வெட்டச் சொன்னவன் சவுல். ஐயரை அவனுக்கு ஒப்பிட்ட ஃபார்வர்டைவிட ஐயருக்குப் பெரிய அவமரியாதை உண்டா?

சாந்தகுணன்: வந்துட்டார் ஒத்து ஊத. சேகரத் தேர்தல்ல, அதான் நம்ம வட்டார சபைகளோட கமிட்டித் தேர்தல்ல, தோத்த கடுப்பு ரெண்டு பேருக்கும் இன்னும் அடங்கலை.

சேகரத்துக்காரன்: தேர்தலை இழுத்தா கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போட்ட பந்தல் பில்லையும் இழுப்பேன், பரவாயில்லையா?

சாந்தகுணன்: அதுல ஐயரே ஒப்பம் போட்டிருக்கார். அதுக்கு மேல யாரு கேட்கிறது?

சேகரத்துக்காரன்: ஒப்பம் போட்டா மட்டும் வவுச்சர் ஆயிடுமா? கடைப் பேர், தேதி, பணம் வாங்கினவர் கையெழுத்து, கூட ஒரிஜினல் பில். "பந்தல் வகைக்கு"ன்னு ஒரே வரி எழுதி ஐயர்கிட்ட நீட்டுறது பொருளாளர், ஆடிட்டர் கேட்கும்போது மாட்டுறது ஐயர். அவரை மாட்டிவிட்டுட்டு மரியாதையைப் பத்தி எங்களுக்குப் பாடம் நடத்துறீங்க.