ஊமைப்படத்தில் தெரியும் கம்பியை அழிக்கலாமா?

படப்பெட்டி:
வணக்கம் நண்பர்களே. 1920களில் வந்த, குழந்தைகளுக்கான மாயாஜால ஊமைப்படம் ஒன்றை ப்ளூரேயாகக் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். நெகட்டிவ் கிடையாது, மிஞ்சியிருப்பது 35 எம்.எம். கறுப்பு வெள்ளைப் பிரதி ஒன்றுதான். 4கேயில் ஸ்கேன் செய்து, தூசி கீறலை மென்பொருளில் எடுத்தாயிற்று. இப்போது பறக்கும் காட்சிகளில் பிள்ளைகளைத் தூக்கும் கம்பி பளிச்சென்று தெரிகிறது. அழித்துவிடலாம், வீட்டில் பார்க்கும் குழந்தைகளுக்கு மாயம் கலைந்துவிடும் என்கிறார் கூட வேலை செய்பவர். எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

பழையரீல்:
அழிக்காதீர்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள், டின்ட், அதாவது காட்சிக்கேற்ற நிறச்சாயம், போட்டுவிட்டீர்களா? அந்தக் காலத்தில் இரவுக் காட்சியைப் பெரும்பாலும் பகலிலோ ஸ்டுடியோவில் நல்ல வெளிச்சத்திலோ எடுத்துவிட்டு, பிரதியை நீலச் சாயத்தில் முக்கித்தான் இரவாக்கினார்கள். உங்களுடையது சாயமில்லாத பிரதி என்பதால் இரவில் பறக்க வேண்டிய பிள்ளைகள் பட்டப்பகலில் பறக்கிறார்கள், கம்பி தெரியாமல் என்ன செய்யும்? கிரேடிங்கில், அதாவது நிறமும் வெளிச்சமும் சரிசெய்யும்போது, கான்ட்ராஸ்டைக் (கறுப்பு வெள்ளை வேறுபாட்டை) கூட்டியிருந்தால் இன்னும் மோசம். நீலத்தைப் போட்டு, கான்ட்ராஸ்டை இறக்கி, மானிட்டரில் ஃபிரேமை நிறுத்திவைக்காமல் ஓடவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் தெரிந்தால் அது படம் எடுத்தவர்கள் விட்டுப்போனது, நமக்கு அதில் கைவைக்க உரிமையில்லை. 1903இல் பிரிட்டிஷ் இயக்குநர் ஹெப்வொர்த் எடுத்த 'ஆலிஸ்' படத்துக்குத் தப்பியது ஒரே ஒரு பிரதி, அதுவும் நொந்துபோனது. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2010இல் அதை மீட்டபோது நிறங்களைத் திரும்பக் கொண்டுவந்தது, ஆனால் சேதத்தை முழுக்க மறைக்கப் பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பிரதிமேல் நம்பிக்கை வந்ததே அதனால்தான்.

நிழல்வெளி:
கம்பியை விட எனக்குக் கவலை நீங்கள் தூசி எடுத்த விதம். முன்னாலும் பின்னாலும் உள்ள ஃபிரேமோடு ஒப்பிட்டு, ஒரே ஒரு ஃபிரேமில் மட்டும் இருப்பதை எல்லாம் அழுக்கு என்று மென்பொருள் தூக்கிவிடும். மாயாஜாலப் படத்தில் அப்படி ஒரு கணம் மின்னி மறைவது என்ன? மந்திரக்கோல் பொறி, தேவதையின் ஒளி! 1924 'பீட்டர் பேன்' படத்தில் டிங்கர் பெல் என்ற தேவதை பெரும்பாலும் அங்குமிங்கும் பாயும் ஒரு வெளிச்சப் புள்ளிதான். அதைத் தானியங்கி முறையில் விட்டால் தேவதையே காணாமல் போய்விடும். மென்பொருள் எதையெல்லாம் நீக்கியது என்பதை மட்டும் தனியாக எடுத்து, கறுப்புப் பின்னணியில் ஓட்டிப் பாருங்கள். மாயக் காட்சிகளைக் கையால்தான் செய்ய வேண்டும், வாரக்கணக்கில் ஆகும், வேறு வழியில்லை.

மௌனராகம்:
இசையமைப்பாளரிடம் படத்தைக் கொடுக்கும் முன் வேகத்தை முடிவு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் இரண்டு தடவை எழுத வேண்டிவரும். 1,000 அடி ரீல் என்றால் 16,000 ஃபிரேம். நொடிக்கு 20இல் ஓட்டினால் 13 நிமிடம் 20 நொடி, 24இல் ஓட்டினால் 11 நிமிடத்துக்குச் சற்று மேல், பிள்ளைகள் எல்லாம் குடுகுடுவென்று ஓடுவார்கள். ப்ளூரேயில் 20 நேரடியாக ஏறாது, 24க்குள் வைத்து ஐந்து ஃபிரேமுக்கு ஒன்றை இரண்டு முறை காட்டினால் போதும். இடையில் கணினியை வைத்துப் புது ஃபிரேம் உண்டாக்காதீர்கள், கைகால் எல்லாம் நிழலாக இழுபடும்.

அப்புறம் உரிமை. படத்துக்குக் காப்புரிமை முடிந்திருந்தாலும் மூலக் கதையையும் பாருங்கள். 'பீட்டர் பேன்' ஊமைப்படம் அமெரிக்காவில் 2020 முதல் எல்லாருக்கும் பொது, ஆனால் பிரிட்டனில் அதன் மூலமான நாடகத்துக்குரிய ராயல்டி 1988 சட்டப்படி கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்குக் காலவரம்பில்லாமல் போகிறது. நாட்டுக்கு நாடு இப்படி மாறும்.

படப்பெட்டி:
நேற்று ராத்திரியே நீலம் போட்டுப் பார்த்தேன். மூன்று ஷாட்டில் இரண்டில் கம்பி போயே போய்விட்டது, மூன்றாவதில் ஜன்னல் பக்கம் மெல்லியதாக இருக்கிறது, விட்டுவிடுகிறோம், கூட்டாளியும் சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் நிழல்வெளி சொன்னபடி நீக்கியதைத் தனியாக ஓட்டியபோது வயிற்றைக் கலக்கியது. தேவதை வரும் காட்சியில் பாதிப் பொறிகள் அதற்குள்தான் கிடக்கின்றன. அந்த ரீல் முழுவதையும் மூல ஸ்கேனிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன்.