மறு: நுழைவு வளைவு நிதி, இரண்டாம் தவணை – அதற்கு முன்னால் கண்மாய்க்கரைக் கொட்டகையைப் பாருங்கள்

எழுதியது: கீழவீட்டுச் சின்னவன், சார்ஜா

உறவுகளுக்கு வணக்கம்.

ஊர் வாசலில் கட்டும் வளைவுக்கு இரண்டாம் தவணை கேட்டு நம் ஊர்ச் சங்கப் பொருளாளர் சித்தப்பா போட்ட மடலுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. பணம் தர மனமில்லாமல் அல்ல. அந்தப் பணத்தை முதலில் ஊர்ப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் பார்க்கும் பரிசோதனைக்குத் திருப்பிவிட வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஊரில் இருந்தபோது கண்மாய்க்கரைக் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். இடம் யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். அவரும் இதைப் படிப்பார், படிக்கட்டும். பழைய லாரி பேட்டரியும் இன்வெர்ட்டர் பேட்டரியும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன. நம் பையன்கள் கோடாலியால் மூடியைப் பிளக்கிறார்கள், ஆசிட்டை வாய்க்காலில் சாய்க்கிறார்கள், உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளைக் கரிக்குழியில் போட்டு உருக்கிக் கட்டியாக வார்க்கிறார்கள். கையில் உறை இல்லை, மூக்கில் ஒரு துண்டுகூட இல்லை. புகை மேலத்தெரு பக்கம்தான் போகிறது. அங்கன்வாடியும் அங்கேதான் இருக்கிறது.

தெருவுக்குள் கண்டது அதைவிட மோசம். உடைத்த பேட்டரியின் காலிப் பெட்டியில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் அதில் துளசிச் செடி. மதினி ஒருத்தர் உடைந்த பெட்டித் துண்டுகளை வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்துக்கொண்டிருந்தார், பக்கத்திலேயே கைக்குழந்தை தவழ்கிறது. அந்தத் துண்டில் சாம்பல் நிறத்தில் அப்பியிருக்கிறதே, அது அத்தனையும் ஈயம்.

நான் வேலை பார்ப்பதும் ஈயம் உருக்கும் கம்பெனியில்தான், அதனால் தெரிந்து சொல்கிறேன். இங்கே எங்களுக்கு முறை வைத்து ரத்தம் எடுப்பார்கள். அளவு ஏறினால் உலைப் பக்கமே விடமாட்டார்கள். வேலை உடுப்போடு கேட்டைத் தாண்ட முடியாது, குளித்து மாற்றிக்கொண்டுதான் ரூமுக்கு வரவேண்டும். ஊரில் அந்தப் பையன்கள் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள்.

எங்கள் வீட்டிலேயே ஒரு பிள்ளை, நாலு வயது. தகப்பன் கொட்டகையில் வேலை செய்கிறான். பெயர் எழுத வேண்டாம் என்று பிள்ளையின் அம்மா கேட்டதால் எழுதவில்லை. மாதக்கணக்கில் வயிற்றுவலி, மலச்சிக்கல். முகம் வெளிறிப்போய், பேசிய பேச்சும் குறைந்துவிட்டது. பூச்சி மருந்து கொடுத்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்தார்கள். மதுரைக்குக் கூட்டிப்போய் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னபிறகுதான் விஷயம் வெளிவந்தது. ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் ஈயம் 5 மைக்ரோகிராம் வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தப் பிள்ளைக்கு 45ஐத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்து, ஈயத்தை வெளியேற்றும் மருந்து கொடுக்கிறார்கள். ஆனால் அதே வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி ஏறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூளைக்கு ஏற்பட்ட சேதத்தை மருந்து திருப்பித் தராது என்றும் சொன்னார்.

ஒரு வீட்டில் இப்படி என்றால் மற்ற வீடுகளில் பார்க்க வேண்டாமா? பல பிள்ளைகளுக்கு வெளியே எதுவுமே தெரியாது. பாடம் ஏறவில்லை, முரட்டுத்தனம் என்று வாத்தியார் அடிப்பார், அவ்வளவுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2001லேயே பேட்டரி விதிகள் வந்தன, 2022ல் புதிதாக மாற்றினார்கள். பதிவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் உள்ள இடத்தில்தான் உருக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம். அக்டோபர் 2 கிராமசபையில் தீர்மானம் போடலாம். ஊரில் இருப்பவர்கள் தனியாக எழுந்து பேசப் பயப்படுகிறார்கள், நம் சங்கம் கூடவே துணைக்கு நின்றால் பேசுவார்கள்.

---

எழுதியது: பொருளாளர், தோஹா

தம்பி, பிள்ளையின் செய்தி கேட்டு மனது சரியில்லை. ஆனாலும் கணக்கைச் சொல்லவேண்டியது என் பொறுப்பு. வளைவுக்கு என்று வசூலித்த பணத்தை வேறு காரியத்துக்கு எடுக்கப் பணம் கொடுத்தவர்களின் சம்மதம் வேண்டும். எத்தனை பிள்ளைகள், ஒரு பரிசோதனைக்கு லேப் என்ன கேட்கிறது, வேன் வாடகை, ரசீது யார் பெயரில் – இவை எழுத்தில் வேண்டும். 2015 மழைக்கு வாங்கிய போர்வைக் கணக்கு இன்றுவரை என் கைக்கு வரவில்லை. யாரிடம் நிற்கிறது என்று அவருக்கே தெரியும். மறுபடி அப்படி ஒன்றுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

---

எழுதியது: மேலத்தெருப் பெரியவர், கோலாலம்பூர்

நம் ஊர்க் கண்மாயில் அயிரை பிடித்துத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். கலுங்கில் குதித்து விளையாடுவோம், அந்தத் தண்ணீரையே குடிப்போம். அந்த ஊரை விஷ ஊர் என்று பேப்பரில் போட்டால் நம் பெண்களை யார் கட்டுவார்கள்? என் ஆத்தா ஈயச் சொம்பில்தான் ரசம் வைத்தாள், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொட்டகை வந்தபிறகுதான் இருபது வீட்டில் அடுப்பு எரிகிறது. அங்கன்வாடிக்கு மனை கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், உள்ளூர் விவகாரத்தை உள்ளூரில் பேசித் தீர்ப்போம்.

---

எழுதியது: கணக்குப்பிள்ளை வீட்டு மூத்தவள், லெஸ்டர்

பெரியப்பா, பாட்டி வைத்திருந்த சொம்பு வெள்ளீயம். கொட்டகையில் உருக்குவது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம். நீங்கள் குதித்த கண்மாயில் அன்றைக்கு ஆசிட் ஓடவில்லை.

முன்பு பொதுக்கூட்டத்தில் நான் எழுந்தபோது, பொம்பளைப் பிள்ளைக்கு இங்கே என்ன பேச்சு என்று உட்கார வைத்தீர்கள். குழந்தைகள் வார்டு நர்சாக இத்தனை வருஷம் இருந்தவள் என்பதால் இப்போது கேளுங்கள். வாய்க்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடம்பு இழுத்துக்கொள்ளும். எலும்பில் போய்த் தங்கிவிடும். பெண்பிள்ளை வளர்ந்து கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து கரைந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்களே, அதற்குத்தான் சொல்கிறேன்.

செனகல் நாட்டில் டக்கார் பக்கத்தில் தியாரோய் என்ற ஊரில் இதே பேட்டரித் தொழில்தான். 2007 கடைசியிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் செத்துப்போனார்கள். மண்ணிலும் வீட்டுக்குள் இருந்த தூசியிலும் ஈயம் இருந்தது. 2020ல் யுனிசெஃப் அறிக்கை உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தைக்கு ரத்தத்தில் ஈயம் அந்த 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாம் என்றது. வேறு எந்த நாட்டையும்விட நம் நாட்டில்தான் அப்படிப்பட்ட பிள்ளைகள் அதிகம்.

பங்களாதேஷில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈயக் குரோமேட் என்ற ஈயம் உள்ள மஞ்சள் சாயப்பொடியைக் கலந்தார்கள். 2019ல் அது வெளியே வந்ததும் கடைகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள், ஜனங்களுக்கு எடுத்துச் சொன்னார்கள், சந்தையில் அதிகாரிகள் சோதனை போட்டு அபராதம் விதித்தார்கள். இரண்டே வருஷத்தில் சந்தை மஞ்சளில் அந்தக் கலப்படம் கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது. அந்த நாடு மஞ்சளை விட்டுவிடவில்லை, விஷத்தைத்தான் விட்டது. நம் பையன்களுக்கும் பிழைப்பு போகக்கூடாது. அதற்கு என்ன வழி என்று சின்னவனும் நானும் தனியாகப் பேசுகிறோம், சேர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.

கலெக்டர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. பேட்டரிப் பெட்டியை எரிக்கவோ, அதில் தண்ணீர் வைக்கவோ கூடாது. கொட்டகைச் சட்டையை வாசலுக்கு வெளியே கழற்றி, தனியாகத் துவைக்க வேண்டும். குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். வீட்டை விளக்குமாறால் கூட்டினால் தூசி எழும், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். சாப்பிடுமுன் பிள்ளைக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட வேண்டும். வெறும் வயிற்றோடு விளையாட விடவேண்டாம். இரும்பும் கால்சியமும் குறைவாக இருக்கும் உடம்பில் ஈயம் இன்னும் வேகமாக ஏறும், அதனால் கேழ்வரகு, முருங்கைக்கீரை, முட்டை கொடுக்கச் சொல்லுங்கள். இவற்றைச் செய்தாலும் பரிசோதனை கட்டாயம் வேண்டும், கொட்டகையில் உருக்குவதையும் நிறுத்த வேண்டும்.

சின்னவனே, மதினி யாரென்று எனக்கு மட்டும் எழுது, நானே போன் பண்ணிப் பேசுகிறேன். பொருளாளர் சித்தப்பா, லேப் விலையை ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுத்தில் வாங்கி அனுப்புகிறேன். வளைவில் என் பெயரில் இருக்கும் முதல் தவணையைப் பரிசோதனைக் கணக்குக்கு மாற்றிக்கொள்ள இந்த மடலையே சம்மதமாக வைத்துக்கொள்ளுங்கள். ரசீது அம்மா பெயரில் போடுங்கள்.