காபித்தூள் கவருக்கு போல்டு இட்டாலிக் செரிஃப் ஃபான்ட் சரிப்படுமா?

மலைக்காட்டான்:
வணக்கம் மக்களே, ஏற்காட்டுல நம்ம தோட்டத்து காபியையே வறுத்து அரைச்சு கால் கிலோ பாக்கெட்டா போடலாம்னு இருக்கோம், "ஷெவராய்"னு இங்கிலீஷ்ல பெருசா பேரு, கீழ தமிழ்ல "சேர்வராயன் மலை காபி". டிசைன் பண்ற தம்பி பிளேஃபேர் டிஸ்ப்ளேங்கற செரிஃப் ஃபான்ட்ட (எழுத்து முனைல சின்ன கொம்பு இருக்கற வகை) போல்டு இட்டாலிக்ல, அதாவது தடிச்சு சாய்ஞ்ச எழுத்துல, காட்டுனான், மொபைல்ல பாக்க செம ரிச்சா இருந்துச்சு. ஆனா பிரவுன் கிராஃப்ட் கவர்ல வெள்ளை இங்க்ல ஸ்கிரீன் பிரிண்ட் அடிக்கணும், சேலம் செவ்வாய்பேட்டைல ஒரு பிரஸ்காரர் பாத்துட்டு மெல்லிசு கோடெல்லாம் நிக்காதுங்கன்னுட்டார். ஃபான்டையே மாத்தணுமா? பின்பக்க விவரமும் இதே ஃபான்ட்ல போடலாமா? காசு எதாச்சும் கட்டணுமா?

டிடிபி பழசு:
பிரஸ்காரர் சொன்னது கரெக்டுங்க. அந்த ஃபான்டோட அழகே தடிச்ச கோட்டுக்கும் முடி மாதிரி கோட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான், போல்டு போட்டா தடிச்சது இன்னும் தடிக்கும், மெல்லிசு ஏறக்குறைய அப்படியே நிக்கும், அது ஸ்கிரீன் மெஷ்ல (இங்க் இறங்கற வலைத்துணி) இறங்காம அங்கங்க விட்டுப்போயிடும், கிராஃப்ட் வேற சொரசொரப்பு. பேர் மட்டும் நல்லா பெருசா வந்தா பிரச்சனை இல்ல. இல்லன்னா கோரல் டிரா சாஃப்ட்வேர்ல கண்ட்ரோல் க்யூ அடிச்சு எழுத்த கர்வ்ஸ் (வெறும் வரைபடம்) ஆக்கிட்டு அதே கலர்ல மெல்லிசா ஒரு அவுட்லைன் குடுங்க, முடிக்கோடு கொஞ்சம் தேறும். அதுவும் வேணாம்னா லோரா போல்டு இட்டாலிக் பாருங்க, அதுல கோடு அவ்ளோ மெலியாது. ரெண்டும் கூகுள் ஃபான்ட்ஸ்ல ஃப்ரீ, ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ், விக்கிற பொருள்ல தாராளமா போடலாம்.

பின்பக்கம் மட்டும் தயவுசெஞ்சு வேணாம். எடை, விலை, தேதி எல்லாம் சாய்ச்சு தடிமனா போட்டா கண்ணாடி போட்டவங்களுக்கே தெரியாது, சாதா எழுத்து போடுங்க.

எழுத்துப்பித்தன்:
ஒண்ணு செக் பண்ணிக்கோங்க, இட்டாலிக் ஃபைல் தனியா இன்ஸ்டால் ஆகலன்னா சில சாஃப்ட்வேர் நேர் எழுத்தையே தள்ளி சாய்ச்சு ஏமாத்தும். நெஜ இட்டாலிக்ல இங்கிலீஷ் சின்ன 'ஏ' (a) கையெழுத்து மாதிரி ஒரே வளைவா மாறியிருக்கும், வெறும சாய்ச்சதுல மேல இருக்கற கொக்கி அப்படியே இருக்கும். நெஜ இட்டாலிக் கையெழுத்துலேர்ந்து வந்தது, 1501-ல வெனிஸ்ல ஆல்டஸ் மனுசியஸ்ங்கற அச்சகக்காரர் அதுலயே முழு புக்கும் அச்சடிச்சார், அச்செழுத்த வெட்டிக் குடுத்தது கிரிஃபோங்கற கைவினைஞர். தடிமன் எழுத்து ரொம்ப பின்னாடி, 19-ம் நூற்றாண்டு விளம்பரங்களோட வந்தது, அதனாலயோ என்னவோ ரெண்டும் சேந்தா கடை போர்டு களை வந்துடுது. எனக்கு அது புடிக்கும், பேர் தவிர வேற எங்கயும் வராத வரைக்கும்.

அப்புறம் தமிழ் வரிய சாய்க்காதீங்க. தமிழ் ஃபான்ட் நெறையவற்றுக்கு இட்டாலிக்கே கெடையாது, பட்டன அமுக்குனா சுழியெல்லாம் கோணி 'ழ' கீழ விழற மாதிரி நிக்கும். தடிச்ச நேர் எழுத்தே போதும்.

மலைக்காட்டான்:
தம்பிகிட்ட ஃபைல கேட்டேன், 'ஏ'ல கொக்கி அப்படியே இருக்கு 😅 ஒரிஜினல போட்டு மாத்த சொல்லிட்டேன். பேருக்கு மட்டும் பிளேஃபேர், அவுட்லைனோட.

டிடிபி பழசு:
சாம்பிள் ஏ ஃபோர்ல லேசர் பிரிண்ட் எடுத்து ஓகே பண்ணிடாதீங்க, அதுல எல்லா கோடும் நிக்கும். அதே கவர், அதே இங்க்ல ரெண்டு பீஸ் அடிச்சு வாங்கி பாருங்க.