நிலாவைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டும், பாதி நிலாவுக்கு ஏன் ‘குவார்ட்டர்’ என்று பெயர்? (அவசரம்)

அவசரம்99
வணக்கம். நிலாவைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வேண்டும், நாளைக்கே. வார்த்தைகள் எல்லாம் படத்தில் இருக்கின்றன, மண்டையில்தான் ஏற மாட்டேன் என்கிறது. வேக்ஸிங், வேனிங் இரண்டில் எது வளர்வது எது தேய்வது என்று ஒவ்வொரு தடவையும் மாறிப் போகிறது. அப்புறம் படத்தில் மூன்றாவதாக இருப்பது சரியாகப் பாதி வட்டம், அதன் கீழே குவார்ட்டர் என்று போட்டிருக்கிறது. குவார்ட்டர் என்றால் கால்தானே, அச்சுப் பிழையா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பின்வரிசை
எந்தப் படம்? நீங்கள் எதையும் இணைக்கவில்லையே.

இரவுஆந்தை
பேசப் போவது நீங்களா, பிள்ளைகளா? எவ்வளவு நேரம் பேச வேண்டும்? மனப்பாடமா, கேள்வி கேட்பார்களா? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்வது?

நுணுக்கன் (மூத்த உறுப்பினர்)
இந்தக் கேள்வி அமாவாசை மாதிரி தவறாமல் வந்துவிடுகிறது. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அலங்காரத்துக்கு வைத்ததல்ல. எட்டுப் பெயர்களையும் வரிசையாகத் தருகிறேன், எழுதிக்கொள்ளவும்: நியூ மூன், வேக்ஸிங் கிரெசன்ட், ஃபர்ஸ்ட் குவார்ட்டர், வேக்ஸிங் கிப்பஸ், ஃபுல் மூன், வேனிங் கிப்பஸ், லாஸ்ட் குவார்ட்டர், வேனிங் கிரெசன்ட். இந்த எட்டும் வாயில் வராமல் நிலாவைப் பற்றிப் பேசக் கிளம்புவது வீண் வேலை. கிப்பஸ் என்பதைப் பலர் ஜிப்பஸ் என்று படிக்கிறார்கள், கேட்கச் சகிக்கவில்லை.

தாழ்வாரம்
அச்சுப் பிழை இல்லை நண்பரே. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை ஏறத்தாழ 29.5 நாள். அந்தச் சுற்றில் கால் பங்கு முடிந்த அன்று தெரிவது ஃபர்ஸ்ட் குவார்ட்டர், முக்கால் பங்கு முடிந்த அன்று தெரிவது லாஸ்ட் குவார்ட்டர், இதையே தேர்ட் குவார்ட்டர் என்றும் சொல்வார்கள். சுற்று எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதை வைத்து வந்த பெயர் அது. கண்ணுக்குப் பாதி தெரிகிறதே என்று ஹாஃப் மூன் என்று சொன்னாலும் யாரும் அடிக்க வர மாட்டார்கள், சாதாரணப் பேச்சில் அதுதான் அதிகம்.

வேக்ஸ் என்றால் வளர்வது, வேன் என்றால் தேய்வது. அதாவது வளர்பிறை முழுக்க வேக்ஸிங், தேய்பிறை முழுக்க வேனிங். பாதிக்குக் குறைவாகத் தெரிந்தால் கிரெசன்ட், பாதிக்கு மேல் ஆனால் முழுசாக இல்லை என்றால் கிப்பஸ். இந்த நாலு வார்த்தை பிடிபட்டால் எட்டில் நாலு பெயரை நீங்களே கட்டிவிடலாம், மனப்பாடமே வேண்டாம்.

டிஓஸி_ரசிகன்
வேக்ஸிங் வேனிங் மறக்காமல் இருக்க என் வழி: டி, ஓ, ஸி. நிலா ஆங்கில டி எழுத்து மாதிரி இருந்தால் வளர்கிறது, ஓ என்றால் பௌர்ணமி, ஸி மாதிரி இருந்தால் தேய்கிறது. இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை, எல்லாருக்கும் இதையே சொல்லிக் கொடுக்கிறேன்.

பின்வரிசை
அது பூமியின் வட பாதியில் இருப்பவர்களுக்கு. தென் பாதியிலிருந்து பார்த்தால் நிலா தலைகீழ், அங்கே ஸிதான் வளர்பிறை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பிறை படகு மாதிரி மல்லாந்து கிடக்கும், அங்கே டியும் இல்லை ஸியும் இல்லை. கேட்டவர் எங்கே இருக்கிறார் என்றே சொல்லவில்லை.

டிஓஸி_ரசிகன்
படத்தைப் பார்த்துத்தானே பேசப் போகிறார்? படத்தில் என் வழி வேலை செய்யும்.

பின்வரிசை
அந்தப் படத்தைத்தான் நாம் யாருமே பார்க்கவில்லையே ஐயா.

இரவுஆந்தை
எங்கே இருந்தாலும் ஒத்துவரும் வழி ஒன்று இருக்கிறது. நிலாவின் வெளிச்சமான பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் திசையைப் பார்த்துத்தான் இருக்கும். சூரியன் மறைந்ததும் மேற்கே பிறை தெரிந்தால் அது வேக்ஸிங் கிரெசன்ட், விடிவதற்கு முன் கிழக்கே தெரிந்தால் வேனிங் கிரெசன்ட். எழுத்து வடிவத்தை நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்று, நுணுக்கன் கொடுத்த எட்டும் பெயர்ச்சொற்கள். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மேடை ஏறினால் பட்டியல் படித்துவிட்டு இறங்க வேண்டியதுதான். பேச்சுக்கு வேண்டியது வினைச்சொல். ரைஸ் உதிப்பது, செட் மறைவது, ஷைன் ஒளிர்வது, ஆர்பிட் ஒன்றை வலம் வருவது, ரொட்டேட் தன்னைத்தானே சுற்றுவது, ரிஃப்ளெக்ட் ஒளியைத் திருப்பி அனுப்புவது. நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது என்பதால் கடைசி வார்த்தை கட்டாயம் வேண்டும். சில வாக்கியங்கள் தருகிறேன், அப்படியே சொல்லலாம்:

த மூன் ஆர்பிட்ஸ் தி எர்த்.
த மூன் ரிஃப்ளெக்ட்ஸ் சன்லைட்.
த மூன் ரைசஸ் அபவுட் ஃபிஃப்டி மினிட்ஸ் லேட்டர் ஈச் டே.
தேர் இஸ் எ ஃபுல் மூன் டுநைட்.
யூ கேன் சம்டைம்ஸ் ஸீ த மூன் டியூரிங் த டே.

ஐம்பது நிமிடம் என்பது சராசரி. கடைசி வாக்கியத்துக்கு ஏன் என்று யாராவது கேட்டால்: ஃபர்ஸ்ட் குவார்ட்டர் நிலா ஏறத்தாழ நண்பகலில் உதித்து நள்ளிரவில் மறைகிறது, ஆகவே மதியத்துக்கு மேல் வானத்தில்தான் இருக்கும். பகல் வானத்தில் தெரியும் அளவுக்கு அதற்கு வெளிச்சமும் உண்டு.

நுணுக்கன் (மூத்த உறுப்பினர்)
பெயர்ச்சொல் தெரியாதவருக்கு வினைச்சொல் எதற்கு? சரி, உங்கள் விருப்பம். ஃபேஸ் என்ற வார்த்தையை இதுவரை யாரும் சொல்லவில்லை என்பதையும் பார்க்கிறேன். நிலாவின் இந்த எட்டு நிலைகளுக்கும் பொதுப்பெயர் அதுதான். பி, ஹெச் போட்டு எழுதுவது. முகத்துக்கு வரும் ஃபேஸ் வேறு, அதன் முடிவில் வரும் ஒலியும் வேறு.

கடைசிபெஞ்சு
முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். நமக்கு நிலாவின் ஒரு பக்கம்தான் எப்போதும் தெரியும். வீ கேன் நெவர் ஸீ த டார்க் சைட் ஆஃப் த மூன் ஃப்ரம் எர்த் என்று முடித்தால் கைதட்டல் நிச்சயம்.

தாழ்வாரம்
அதைச் சொல்ல வேண்டாம். நமக்குத் தெரியாத பக்கம் இருட்டு கிடையாது, அங்கும் ஏறத்தாழ இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. அமாவாசை அன்று முழு வெயில் அந்தப் பக்கம்தான். ஃபார் சைட் என்பதே சரியான பெயர். நிலா பூமியைச் சுற்றவும் தன்னைத்தானே சுற்றவும் ஒரே கால அளவு, 27.3 நாள், எடுத்துக்கொள்வதால் ஒரே பக்கம் நம்மைப் பார்த்து நிற்கிறது. அவ்வளவுதான்.

பின்வரிசை
27.3 ஆ 29.5 ஆ? மேலே ஒன்று சொன்னீர்கள், இப்போது ஒன்று.

தாழ்வாரம்
இரண்டும் சரி. நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிட்டால் ஒரு சுற்று 27.3 நாள். அதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றிக் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் அடுத்த அமாவாசைக்கு நிலா இன்னும் இரண்டு நாளுக்கு மேல் ஓட வேண்டியிருக்கிறது.

கடைசிபெஞ்சு
டார்க் என்றால் இருட்டு மட்டும்தானா? அறியப்படாதது என்றும் அர்த்தம் உண்டு. 1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா 3 படம் எடுத்து அனுப்பும் வரை மனிதர் யாரும் அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை. அப்படி இருக்க டார்க் என்பதில் என்ன பிழை?

தாழ்வாரம்
அப்போது சரி. 1968 டிசம்பரில் அப்பல்லோ 8 போனவர்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள், 2019 ஜனவரியில் சீனாவின் சாங்’இ 4 அங்கேயே இறங்கிவிட்டது. இன்னும் என்ன அறியப்படாதது?

கடைசிபெஞ்சு
அங்கே இறங்கிய கலத்தோடு பூமியிலிருந்து நேரடியாக வானொலித் தொடர்பு கொள்ள முடியாது, நடுவில் ஒரு துணைக்கோள் வைத்துத்தான் பேசினார்கள். அந்த வகையில் இன்றும் டார்க்தான்.

நுணுக்கன் (மூத்த உறுப்பினர்)
இருவரும் வேறு இழை தொடங்கிச் சண்டை போடலாமே. இங்கே யாராவது த மூன் என்பதில் எம் பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்று யோசித்தீர்களா? பெரிய எழுத்து மட்டுமே சரி, சர்வதேச வானியல் ஒன்றியமும் அப்படித்தான் எழுதுகிறது.

இரவுஆந்தை
நாசாவும் பெரிய எழுத்துதான். ஆனால் ஏபி என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேட்டைப் பின்பற்றும் செய்தித்தாள்கள் சிறிய எழுத்தில் எழுதுகின்றன, அதுவும் தவறில்லை. வியாழனின் நிலாக்கள் என்று பொதுவாகச் சொல்லும்போது எல்லோருமே சிறிய எழுத்துதான். நம் நிலாவுக்கு முன்னால் த வர வேண்டும், அதை விடாமல் இருந்தால் போதும். வாயால் பேசுபவருக்குப் பெரிய எழுத்து எதற்கு?

அவசரம்99
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பேசப் போவது என் தங்கை மகள், ஏழாம் வகுப்பு. இரண்டு நிமிடம், பிறகு கேள்வி கேட்பார்கள். படம் ஏற மறுக்கிறது. குவார்ட்டர் புரிந்துவிட்டது. ப்ளூ மூன் என்றால் நீல நிறமா?

டிஓஸி_ரசிகன்
ஏழாம் வகுப்பா! முதலிலேயே சொல்லியிருந்தால் டிஓஸியோடு முடித்திருக்கலாம்.

இரவுஆந்தை
நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதை ப்ளூ மூன் என்பார்கள், 2023 ஆகஸ்டில் வந்தது. பிப்ரவரியில் வரவே வராது, 29.5 நாள் இடைவெளிக்கு அந்த மாதத்தில் இடமில்லை. பிள்ளைக்கு இது நல்ல கேள்வி பதில். ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன் என்றால் எப்போதாவது ஒருமுறை, ஓவர் த மூன் என்றால் ஒரே சந்தோஷம். இவை இரண்டு போதும்.

நிலாவில் நடந்தார்கள் என்பதற்கு ஆன் த மூன் என்று சொல்லச் சொல்லுங்கள், இன் த மூன் வேண்டாம். முதலில் கால் வைத்தது 1969 ஜூலையில், 1972 டிசம்பருக்குள் மொத்தம் 12 பேர் நடந்திருக்கிறார்கள். மேலே தெரியும் குழிகளுக்கு க்ரேட்டர், சந்திர கிரகணத்துக்கு லூனார் எக்லிப்ஸ். அது பௌர்ணமி அன்றுதான் நிகழும், ஆனால் நிலாவின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதால் எல்லாப் பௌர்ணமியிலும் வராது. அளவோடு நிறுத்துங்கள், இரண்டு நிமிடத்துக்கு இதுவே அதிகம்.

நுணுக்கன் (மூத்த உறுப்பினர்)
எட்டுப் பெயர்களையும் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். நடுவர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

அவசரம்99
முடிந்தது, எல்லோருக்கும் நன்றி. பகலில் நிலா தெரிவது எப்படி என்றுதான் கேட்டார்களாம், சொல்லிவிட்டாள். எட்டுப் பெயரில் ஆறு சொன்னாளாம்.

கடைசிபெஞ்சு
டார்க் சைட் என்று சொன்னாளா, ஃபார் சைட் என்று சொன்னாளா?

தாழ்வாரம்
நானும் அதைத்தான் கேட்க வந்தேன்.