வாட்ஸ்அப்புக்கு நான் காசு கொடுப்பதில்லை, அப்புறம் யார் கொடுக்கிறார்கள்?

மாட்டுங்கா மாமி:
ஆறு வருஷமாக மாவடு, பருப்புப்பொடி எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் விற்கிறேன். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் எட்டுக் கட்டடங்களின் குழுக்களில் இருக்கிறேன். அந்தக் கம்பெனிக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. ஃபேஸ்புக் 2014இல் இதை 1,900 கோடி டாலர் பேசி வாங்கியதாம், அப்போது அங்கே வேலை பார்த்தவர்கள் சுமார் 55 பேர்தானாம். கேட்டால் 'டேட்டாம்மா' என்கிறாள் என் பெண். என் மாவடுக் கணக்கை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்?

தாராவி தோல்பை:
மாமி, உங்களுக்கும் சேர்த்து நான் கொடுக்கிறேன்! 90 அடி ரோட்டில் சின்னப் பட்டறை. இன்ஸ்டாகிராமில் பர்ஸ் படம் போடுவேன். அதை அமுக்கினால் நேரே என் வாட்ஸ்அப்பில் வந்து விலை கேட்கலாம். அந்த விளம்பரத்துக்குத் தினம் 300 ரூபாய், தீபாவளி சமயம் ஆயிரம். படம் பார்க்கிற இடமும் பேரம் பேசுகிற இடமும் ஒரே முதலாளிக்கு. இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்காரர்கள் 2012இலேயே 100 கோடி டாலர் பேசி முடித்துவிட்டார்கள். பெரிய கம்பெனிகள் மொத்தமாக அனுப்பும் பில், ஓடிபி எல்லாவற்றுக்கும் வாட்ஸ்அப் தனியாகக் காசு வாங்குகிறது.

செம்பூர் ரிடையர்டு:
விளம்பர ஏஜென்சியில் இருந்தவன் என்பதால் ஒரு வார்த்தை. நம் மும்பையில் பழைய வாடகை வீட்டில் குடியேற மொத்தமாகக் கொடுக்கிற 'பகடி' பணம் மாதிரி நினையுங்கள். இடிந்த சுவருக்கா அத்தனை லட்சம் கொடுக்கிறார்கள்? இருக்கிற இடத்துக்கு. 2014இல் வாட்ஸ்அப்பில் மாதம் 45 கோடிப் பேர் இருந்தார்கள். அந்தக் கூட்டம் வேறு எவன் கைக்கும் போய்விடக் கூடாது என்ற பயமும் அந்த விலையில் உண்டு என்பேன்.

ஆனால் கூட்டம் கிளம்பிவிட்டால் கதை வேறு. முர்டாக்கின் நியூஸ் கார்ப் 2005இல் 58 கோடி டாலருக்கு வாங்கிய மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம், 2011இல் மூன்றரைக் கோடிக்குப் போனது. ஃபேஸ்புக் மாதிரியே இருந்த ஆர்குட் நினைவிருக்கிறதா? என் மகனின் கல்லூரி முழுக்க அதில்தான் கிடந்தது. கூகிள் கையில் இருந்தும் பிழைக்கவில்லை, 2014 செப்டம்பரோடு மூடிவிட்டார்கள்.

மாட்டுங்கா மாமி:
பகடி என்றதும் புரிந்தது, நாங்கள் இருப்பதே பகடி வீடுதான். சரி, தோல்பைத் தம்பி, ஆயிரம் போட்ட அன்று எத்தனை பர்ஸ் போனது?

தாராவி தோல்பை:
நாற்பது பேர் விலை கேட்டார்கள் மாமி. மூன்று போனது. அதில் ஒருவர் இன்னும் ஜிபே பண்ணவில்லை.