ஸ்விஃப்ட்டை இறக்க வேண்டும், அப்பத்தாவுக்கு முதுகும் வலிக்கக் கூடாது

பள்ளத்தூர்க்காரன்:

வணக்கம். என்னுடையது 2014 ஸ்விஃப்ட் டீசல். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, 185/65 ஆர்15 டயர். வண்டியை ஒன்றரை அங்குலம் இறக்க ஆசை. மறைக்காமல் சொல்கிறேன், முதல் காரணம் அழகுதான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் தாராளமாக நுழைகிறது. பக்கவாட்டில் நின்று பார்க்கும்போதெல்லாம் கண்ணை உறுத்துகிறது. இன்னொரு காரணம், திருமயம் தாண்டிப் புதுக்கோட்டைப் பக்கம் போகும்போது 80-க்கு மேல் வளைத்தால் வண்டி ஒரு பக்கம் சாய்கிறது. நிமிர்ந்த பிறகும் ஒருமுறை ஆடித்தான் நிற்கிறது.

ஆனால் வண்டி எனக்கு மட்டும் இல்லை. அப்பத்தாவுக்கு 81 வயது, முதுகெலும்புத் தேய்மானம். மாதம் இரண்டு தடவை காரைக்குடிக்கு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், சதுர்த்தி தவறாமல் பிள்ளையார்பட்டி போக வேண்டும். எனக்கு ஆத்தங்குடி டைல் வியாபாரம், டிக்கியில் சாம்பிள் பெட்டிகள் மட்டுமே 60 கிலோ வரும். வீட்டு வாசலில் சாக்கடை மேல் கருங்கல் பலகை போட்டிருக்கிறோம், அதைத் தாண்டி ஷெட்டுக்கு ஒரு ஏற்றம்.

ஒரு பட்டறையில் கேட்டேன். "ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டிவிடலாம், அரை நாள் வேலை" என்றார்கள். செய்யலாமா? வண்டியை இறக்கியும் சொகுசு கெடாமல் வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கோட்டையூர் 63:

வெட்டாதீர்கள். என் பழைய வண்டியில் இதே யோசனையைக் கேட்டு நாலு ஸ்பிரிங்கையும் வெட்டினேன். பார்க்க அருமையாக இருந்தது. மூன்றாவது மாதம் ஒரு கண்மாய்க் கரை ஏற்றத்தில் பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கியது, குட்டையான ஸ்பிரிங் தான் உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தை விட்டு நழுவி விட்டது. வண்டி இறங்கியபோது கோணலாக உட்கார்ந்து ஒரே சத்தம். நல்லவேளை, வேகம் இல்லை. அந்த மூன்று மாதமும் என் மனைவி பின் சீட்டில் உட்காரவே மறுத்துவிட்டார்.

தேவகோட்டை பட்டறை:

தம்பி, 26 வருஷமாக சஸ்பென்ஷன் வேலைதான் பார்க்கிறேன். வெட்டினால் என்ன ஆகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்கில் வேலை செய்கிற சுற்று ஆறு என்று வை. ஒன்றை எடுத்தால் மீதி ஐந்து, விறைப்பு 20 சதவீதம் ஏறிவிடும். சுற்று குறையக் குறையக் கம்பி விறைக்கும், அது அதன் குணம். ஆக வண்டி தாழ்ந்தும் போகிறது, விறைத்தும் போகிறது, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற ஷாக் அப்சார்பர் மட்டும் பழைய ஸ்பிரிங்குக்கு அமைந்ததாகவே இருக்கிறது. சில இடங்களில் ஸ்பிரிங்கைச் சூடு காட்டி உட்கார வைப்பார்கள். அது அதைவிட மோசம். பதம் போன இரும்பு ஒருநாள் ஒடியும்.

சொகுசு எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஸ்பிரிங்கில் பாதி, மிச்சம் இருக்கிற ஓட்டத்தில் பாதி என்பேன். சக்கரம் மேலே ஏற இடம் இருக்கும்வரை பள்ளம் உள்ளே தெரியாது. இடம் தீர்ந்ததும் பம்ப் ஸ்டாப்பரில், அதாவது ஷாக் தண்டின் மேல்முனையில் இருக்கிற தடுப்பில், போய் முட்டும். அப்பத்தா முதுகில் விழுவது அந்த அடிதான். நீ ஒன்றரை அங்குலம் இறக்கினால் அந்த இடத்தில் 38 மில்லிமீட்டரை முதலிலேயே தின்றுவிடுகிறாய். ஸ்பிரிங் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்தக் கணக்கு மாறாது.

உன் வண்டியில் எவ்வளவு இடம் மிச்சம் என்று நீயே பார்க்கலாம். முன்பக்க ஷாக்கின் ரப்பர் உறையை மேலே தூக்கி, பளபளவென்று இருக்கிற தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை கட்டிக் கீழே தள்ளி விடு. வழக்கமான பாரத்தோடு வழக்கமான ரோட்டில் ஒரு நாள் ஓட்டு. ஷாக் அமுங்கும்போதெல்லாம் டை மேலே தள்ளப்பட்டு, அதிகபட்சமாகப் போன இடத்தில் நிற்கும். அதற்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே உள்ளதுதான் உன் கையிருப்பு.

அப்புறம் நம்ம ஊர் வேகத்தடை. சாலைகளுக்கு அளவு வகுக்கிற இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்கிற மேடு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைவு. உன் வண்டியின் முன் பின் சக்கர இடைவெளி 2,430 மில்லிமீட்டர். இரண்டு அச்சும் அந்த மேட்டின் மேலேயே நிற்கும், வயிற்றுக்குக் கீழே அது எடுத்துக்கொள்வது 43 மில்லிமீட்டர்தான். எந்த வண்டியும் தாண்டிவிடும். தெருக்காரர்கள் தாங்களே சிமெண்ட் குழைத்துப் போடுகிற ஒரு முழ அகல மேடு அப்படி இல்லை. 12 சென்டிமீட்டர் உயரம் என்றால் 12-ஐயும் முழுசாகக் கேட்கும். முன் சக்கரம் இறங்குகிற வேகத்தில் வண்டி இன்னும் கொஞ்சம் அமுங்கவும் செய்யும். ஐந்து பேரும் டைல் பெட்டியும் இருக்கும்போது தரையிலிருந்து அடிப்பாகத்துக்கு எவ்வளவு என்று டேப் வைத்து அள.

வளைவில் சாய்வதைப் பற்றி. நிமிர்ந்த பிறகும் ஒருமுறை ஆடுகிறது என்றாயே, அது உயரத்தால் வருவது இல்லை. 92,000 ஓடிய ஷாக் அப்படித்தான் பேசும். சாய்வை அடக்குகிற கம்பியின் இணைப்பான ஸ்டெபிலைசர் லிங்க்கையும், சக்கரத்தை வண்டியின் அடியோடு பிணைக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் பார்க்கச் சொல். முன்பக்கம் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரே தூண்) வைத்த வண்டியை ரொம்ப இறக்கினால் லோயர் ஆர்ம் சக்கரப் பக்கமாக மேலே தூக்கிக்கொள்ளும், அப்போது வண்டியின் உடலைச் சாய்க்கிற நெம்புகோல் நீளமாகிவிடும். சாய்வைக் குறைக்க இறக்கி, சாய்வை வளர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகும் இறக்கத்தான் வேண்டும் என்றால் 20 மில்லிமீட்டரோடு நிறுத்து. சுற்றுகள் ஒரு முனையில் நெருக்கமாகவும் மறு முனையில் விலகியும் இருக்கிற ஸ்பிரிங்காகப் பார்த்து வாங்கு. சின்ன மேடுகளுக்கு மென்மையாக இருந்து, பாரம் ஏறினால் விறைக்கும். அதோடு அந்த விறைப்புக்கு ஏற்ற, நீளம் குறைந்த ஷாக். ஸ்டாப்பரை பிளேடால் அறுத்து இடம் உண்டாக்கும் வேலை வேண்டாம். நுரை போன்ற நல்ல ஸ்டாப்பர் மெல்ல மெல்ல இறுகும், அதுவே ஒரு ஸ்பிரிங்தான்.

இன்னொன்று, இதைப் பாதிப் பட்டறைகள் செய்வதே இல்லை. லோயர் ஆர்ம், பின் சக்கரங்களை இணைக்கிற பின் பீம் இவற்றின் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. தரையில் இறக்கி, தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகு முறுக்க வேண்டும். தொங்கும்போது முறுக்கினால் புஷ் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருக்கும். புது ஸ்பிரிங், புது ஷாக் போட்டும் வண்டி கட்டை மாதிரி இருக்கிறது என்று என்னிடம் வந்த பல வண்டிகளில் இந்த நாலு போல்ட்டைத் தளர்த்தி முறுக்கியதோடு சரியாகிவிட்டது. ஸ்பிரிங் 500 கிலோமீட்டர் ஓடி அமர்ந்ததும் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் மட்டம் இரண்டையும் பார்த்துவிடு.

புதுக்கோட்டை டயர்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. எது செய்தாலும் இன்சூரன்ஸ்காரர்களிடம் எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அழகுக்காக 16 அங்குல வீல் போடவும் தோன்றும். 195/55 ஆர்16 போட்டால் டயர் பக்கச்சுவர் (ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ள உயரம்) 120-லிருந்து 107 மில்லிமீட்டராகக் குறைகிறது. அந்த 13 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் சின்னக் கல்லையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது. மாறாக 15 அங்குலத்திலேயே 195/65 போட்டால் மேல் இடைவெளி ஆறு மில்லிமீட்டருக்கு மேல் நிரம்பும், வண்டியும் அதே அளவு உயரும், பக்கச்சுவரும் கூடும். இதற்குக் குறைந்தது 5.5 அங்குல அகல ரிம் வேண்டும், உங்கள் ரிம்மில் பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து எங்காவது உரசுகிறதா என்றும் பாருங்கள்.

வயதானவர்களுக்கு இன்னொரு விஷயம். தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்திருக்க முழங்காலும் இடுப்பும் அதிகமாகப் பாடுபடும்.

பள்ளத்தூர்க்காரன்:

கேபிள் டை கட்டிப் பார்த்துவிட்டேன். நேற்று அப்பத்தா, அம்மா, என் தம்பி, டிக்கியில் 60 கிலோ டைல். பள்ளத்தூரிலிருந்து கானாடுகாத்தான் போய், அங்கிருந்து காரைக்குடி, திரும்பி வீடு. முன் இடது ஷாக்கில் ஸ்டாப்பரைத் தொட 14 மில்லிமீட்டர்தான் மிச்சம். 38 இறக்கியிருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் முட்டியிருக்கும். நாலு பேரோடு அடிப்பாகம் தரையிலிருந்து 126 மில்லிமீட்டர். எங்கள் தெருமுனை மேட்டை அளந்தேன், 11 சென்டிமீட்டர். 20 இறக்கினால்கூட உரசும்.

ஷாக்கைக் கழற்றிப் பார்த்ததில் முன்பக்கம் இரண்டிலும் எண்ணெய்க் கசிவு. ஒரு ஸ்டெபிலைசர் லிங்க் கையால் ஆட்டினாலே ஆடுகிறது.

அதனால் இறக்கும் வேலையை இப்போதைக்கு நிறுத்திவிட்டேன். ஆசை போகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். முதலில் நாலு ஷாக், ஸ்டாப்பர், லிங்க், புஷ், எல்லாம் கம்பெனி அளவிலேயே. டயர் தேய்ந்ததும் ரிம்மைப் பார்த்துவிட்டு 195/65. தேவகோட்டை அண்ணே, ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைக் கொண்டுவரலாமா? போல்ட்டைத் தரையில் வைத்து முறுக்கும்போது நானும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

தேவகோட்டை பட்டறை:

எட்டு மணிக்கு வா. டைல் பெட்டியை இறக்கிவிட்டு வா, ஆனால் அப்பத்தாவைக் கூட்டி வா. வேலை முடிந்ததும் ஒரு சுற்றுப் போவோம், பின் சீட்டில் உட்கார்ந்து அவர் சரி என்று சொன்னால்தான் சாவியைக் கொடுப்பேன்.