அடையாற்றங்கரையில் மனை: திட்ட அனுமதியை நம்பி வாங்கலாமா?

கேள்வி:
சென்னையை அடுத்த முடிச்சூரில் அடையாற்றுக்கு அருகே ஒரு மனை விலைக்கு வந்துள்ளது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அப்பகுதி மூழ்கியதை அறிவேன். எனினும், திட்ட அனுமதி பெற்ற மனை என்பதால் அஞ்ச வேண்டாம் என்கிறார் தரகர். அவர் சொல்வதை ஏற்கலாமா?

பதில் 1:
அனுமதி வெள்ளத்தைத் தடுக்காது. வேளச்சேரி ஏரியின் ஒரு பகுதியில் அரசே குடியிருப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மழைக்காலத்தில் அங்கு தேங்கும் நீர் தன் பழைய இடத்துக்குத்தான் திரும்புகிறது. பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நில்லாமல், கிராம வரைபடத்தை வாங்கி, ஓடை, வாய்க்கால், தாங்கல் (சிறு ஏரி) என ஏதேனும் அருகில் குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பிறகு தெருவில் நடந்து செல்லுங்கள்: சுற்றுச்சுவர்களில் ஒரே மட்டத்தில் ஓடும் பழுப்புக் கறையும், தலைக்கு மேல் மாற்றிப் பொருத்தப்பட்ட மின் மீட்டர்களும் தரகர் சொல்லாததைச் சொல்லிவிடும்.

பதில் 2:
மண் கொட்டி மனையை உயர்த்தலாம் என்று அடுத்துச் சொல்வார்கள். அதனால் உங்கள் வீட்டு நீர் பக்கத்து வீட்டுக்குள் போகும், அவ்வளவுதான். வாங்கியே ஆக வேண்டுமென்றால், தரைத்தளத்தைத் தூண்களோடு வாகன நிறுத்தமாகத் திறந்து விட்டு, கழிவுநீர்க் குழாயில் நீர் எதிர்த்து ஏறாதபடி ஒருவழி வால்வு பொருத்துங்கள்.

கேட்டவர்:
நன்றி. நாளை கிராம வரைபடத்துக்கு விண்ணப்பிக்கிறேன்; அதுவரை முன்பணம் கொடுக்கப்போவதில்லை.